மூடும் பதியும்

கோவர்த்தனன் வீட்டு வாசலில் வந்து இறங்கிய சாமானைப் பார்த்து, புத்தூரில் அந்தத் தெரு முழுக்க ஆளுக்கொரு பெயர் வைத்தது. எதிர்வீட்டுக்காரர் செருப்பு ஸ்டாண்டு என்றார். பால் ஊற்ற வந்தவர் தறியில் மிதிக்கிற பலகை என்று அடித்துச் சொன்னார். கோவர்த்தனனின் மனைவி சுலோச்சனா டிக்கெட் பையைக்கூடக் கழற்றாமல் இடுப்பில் கைவைத்து நின்று, அதில் இருந்த கட்டைகளை விரலால் எண்ணினாள்.

"ஒகட்டி, ரெண்டு, மூடு..." என்று ஆரம்பித்து, "எனிமிதி, தொம்மிதி, பதி" என்று பத்தைத் தாண்டி, "பதமூடு" என்று பதின்மூன்றில் நிறுத்தினாள். அவள் பேசுவது தமிழ், திட்டுவது தமிழ், கனவு காண்பதுகூடத் தமிழ்தான். ஆனால் படித்தது தெலுங்கு மீடியம். பார்க்கிற வேலை புத்தூர்-திருப்பதி பஸ்ஸில் கண்டக்டர். எண் என்று வந்துவிட்டால் அவள் நாக்கு தானாகத் தெலுங்குக்குப் போய்விடும்.

"இன்னாய்யா இது?"

"மிடி பெடல்போர்டு," என்றான் கோவர்த்தனன்.

"மிடின்னா பொண்ணுங்க போடற டிரெஸ்ஸாச்சே."

"அது வேற மிடி. இது கால்ல வாசிக்கறது. சென்னையில ஒரு சர்ச்சுல பழசுன்னு கழிச்சிப் போட்டுட்டாங்க. நம்ம மாடி ரூம் ஜெபகுமார் புடிச்சாந்தான்."

சுலோச்சனா மேற்கொண்டு கேலி செய்யவில்லை. செய்ய மனம் வரவில்லை. அந்தச் சாமான் எதற்காக வந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

கோவர்த்தனன் சித்தூர் திருவேங்கடத்தின் ஆர்கெஸ்ட்ராவில் வருஷக்கணக்காகக் கீபோர்டு வாசித்தவன். வலது கையில் பாட்டு, இடது கையில் பேஸ். அந்தக் கும்மென்ற அடிக்குரல் இல்லாவிட்டால் பாட்டு தரையில் நிற்காது என்பான். போன மழைக்காலத்தில் ஏர்பேடு பக்கம் பைக்கில் வந்துகொண்டிருந்தவன், சாலையின் குறுக்கே நின்ற எருமையைத் தவிர்க்கப்போய் விழுந்தான். எருமைக்கு ஒன்றுமில்லை. அவனுக்கு இடது மணிக்கட்டு உடைந்தது.

எலும்பு முறிந்தால் எந்தெந்த ஊர்க்காரனோ கட்டுப் போட்டுக்கொள்ளப் புத்தூரைத் தேடி வருகிறான். புத்தூரிலேயே பிறந்த இந்த மகாராஜா, "வெறும் சுளுக்குதான்" என்று சாதித்துக்கொண்டு தைலம் தேய்த்தபடி உட்கார்ந்திருந்தான். கை பூசணிக்காயாக வீங்கிய பிறகுதான் கட்டுக்காரரிடம் போனான். அவர் அவனைத் திட்டிக்கொண்டே கட்டினார். எலும்பு சேர்ந்தது. விரல்கள் மட்டும் மடங்கமாட்டேன் என்றுவிட்டன.

அன்றிலிருந்து அவன் வீட்டில். வீட்டில் இருக்கிற ஆண்பிள்ளை சும்மா இருந்தால் பரவாயில்லை. இவன் அடுப்படியைச் சீர்திருத்த ஆரம்பித்தான். புளி இருந்த இடத்துக்கு உப்பு போனது, உப்பு இருந்த இடத்துக்குக் கடுகு போனது. வேலை முடிந்து அலுத்து வருகிறவளிடம், "பருப்பை இன்னும் கொஞ்சம் வேக உட்டிருக்கலாம்" என்பான். இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது வேறு. முன்பெல்லாம் பல் துலக்கும்போது பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டே ஏதாவது ஒரு மெட்டை முனகுவான். "காலங்காத்தால இன்னாய்யா மாடு மாரி" என்று அவள் தினமும் திட்டுவாள். விழுந்த நாளிலிருந்து அந்த முனகல் நின்றுபோனது. அது இல்லாத வீட்டில் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சொன்னால் வெட்கம் என்று யாரிடமும் சொல்லவில்லை.

திருவேங்கடம் ஒருநாள் பழம் வாங்கிக்கொண்டு வந்து, "நீ நல்லா ரெஸ்ட் எடு கோவர்தனா, யஸ்வந்த் பாத்துக்குவான்" என்றார். யஸ்வந்த் மீசை நறுக்கிய புதுப் பையன். அவன் லேப்டாப்பைத் திறந்தால் வயலின், பேஸ், டிரம்ஸ் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். பட்டனைத் தட்டிவிட்டு வாயில் பபிள்கம் மென்றுகொண்டிருப்பான். "காலால வாசிக்கறேன், ஒருதபா பாருங்க" என்று கோவர்த்தனன் கெஞ்சினான். திருவேங்கடம் கல்நெஞ்சக்காரர் அல்ல. "திருப்பதியில ஒரு ரிசப்ஷன் கீது. அதுல வாசி. ஆனா யஸ்வந்தும் லேப்டாப்போட மேடையிலதான் இருப்பான். சரிப்படலைன்னா அவன் தட்டிடுவான். அப்புறம் என் மேல வருத்தப்படக் கூடாது" என்றார். அந்த ஒரு சாயங்காலம்தான். அது போனால் இருபது வருஷ நாற்காலியும் போனது.

இணைக்கிற வேலையை ஜெபகுமார் ஏற்றுக்கொண்டான். நாகர்கோவில் பக்கத்துப் பையன், ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனியில் டெக்னீஷியன், இவர்கள் வீட்டு மாடி ரூமில் குடியிருக்கிறான். ஊரில் சர்ச்சில் ஆர்கன் வாசித்தவன். அப்பா தமிழாசிரியர். வீட்டில் இங்கிலீஷ் வார்த்தை விழுந்தால் காதைத் திருகுவாராம். ஆகையால் அவன் முடிந்தவரை கேபிளை வடம் என்பான், பெடலை மிதிக்கட்டை என்பான். "இந்தப் பையன் பேசறது அரவப் புஸ்தகம் மாரியே கீது" என்று, தமிழுக்குத் தெலுங்குக்காரர்கள் வைத்த பெயரைச் சொல்லிச் சுலோச்சனா சிரிப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூவரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். பெடல்போர்டை மிதித்துப் பார்த்தாள் சுலோச்சனா. கட்டை தடதடத்ததே தவிர, பாட்டு ஒன்றும் வரவில்லை.

"சத்தமே இல்லியே! ரிப்பேரா?"

"இதுக்குச் சொந்தக் குரல் கிடையாதுக்கா. எந்தக் கட்டைய மிதிச்சோம்னு சேதி மட்டும் அனுப்பும். பாடுறது கீபோர்டுப் பக்கத்துல இருக்குற அந்தக் கறுப்புப் பெட்டி. இதோட அவுட்டுல வடத்தைச் சொருகி, அதோட இன்னுல விடணும்."

வெளியே போகிறது உள்ளே, உள்ளே வருகிறது வெளியே என்று கோவர்த்தனன் தலையைச் சொறிந்தான். சுலோச்சனாவுக்கு உடனே பிடிபட்டது. "இதுல இன்னாய்யா கொழப்பம்? இந்த பஸ்ஸுல எறங்கறவன் அந்த பஸ்ஸுல ஏர்றான். எறங்கற வாசல் வேற, ஏர்ற வாசல் வேற."

ஜெபகுமார் அசந்துபோனான். சேனல் என்றால் என்ன என்பதையும் அவளே முடித்துவைத்தாள். "ரூட் நம்பர். பஸ்ஸுல போட்டுக்கீற நம்பரும், ஸ்டாப்புல நிக்கறவன் தேடற நம்பரும் ஒண்ணா இருந்தாத்தான் ஏறுவான். சரிதான?" கீபோர்டுக்கு ஒன்றாம் சேனல், பேஸ் குரலுக்கு வேறொரு சேனல். பெடல்போர்டும் பேஸ் இருக்கிற சேனலிலேயே பேச வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

ஜெபகுமார் மேஜைக்கு அடியில் தவழ்ந்து போய் ஒயர்களைப் பிடித்துக்கொண்டு கேட்டான். "அக்கா, பெட்டியில பேஸ் எந்தச் சேனல்ல நிக்குன்னு பாத்துச் சொல்லுங்க."

"மூடு," என்றாள்.

அவன் சுவிட்சை அணைத்தான்.

"எதுக்குப்பா ஆஃப் பண்ண?"

"நீங்கதானக்கா சொன்னீங்க."

"நான் எங்க சொன்னேன்? போடு, திரும்பப் போடு." போட்டான். "மூடு," என்றாள் மறுபடியும் கணீரென்று. மறுபடியும் அணைத்தான். மூன்றாம் தடவை அணைத்தபோது சுலோச்சனாவுக்குக் கோபம் வந்து, பஸ்ஸில் சில்லறை இல்லாதவனைத் திட்டுகிற குரலில் திட்டினாள். மேஜைக்கு அடியில் இருந்தவன் நிமிர்ந்து தலையை இடித்துக்கொண்டான்.

"மூடுன்னா மூணுப்பா," என்றான் கோவர்த்தனன். "தெலுங்கு. அவ எண்ணறதெல்லாம் அப்படித்தான்."

ஜெபகுமார் தலையைத் தேய்த்துக்கொண்டே சிரித்தான். இனிமேல் எண்களைத் தமிழில் சொல்வதாக அவளும், இனிமேல் கேட்டுவிட்டு அணைப்பதாக அவனும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். மூன்றாம் சேனலை வைத்தான். கோவர்த்தனன் லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, தயங்கித் தயங்கி முதல் கட்டையை மிதித்தான்.

கும்மென்று வந்தது. அலமாரியில் இருந்த டம்ளர்கள் அதிர்ந்தன. கோவர்த்தனன் காலை எடுக்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டபடி நின்றான். சுலோச்சனா சட்டென்று எழுந்து, காப்பி போடுவதாகச் சொல்லி உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு தினமும் பயிற்சிதான். முதலில் கரப்பான்பூச்சியை மிதித்துக் கொல்கிறவன் மாதிரி இருந்தது. போகப் போகத் தையல் மெஷின் மிதிக்கிறவன் மாதிரி ஆனது. சேனல் கலைந்துவிடுமோ என்ற பயத்தில் கோவர்த்தனன் பெட்டியையோ பெடலையோ அணைக்கவே விடவில்லை. ராத்திரியும் பகலும் அவை இன்வெர்ட்டரில் எரிந்துகொண்டிருந்தன. அதனாலேயே ஜெபகுமார் ஒரு காரியத்தை மறந்துபோனது யாருக்கும் தெரியவில்லை. சேனலை மாற்றினால் மட்டும் போதாது, பட்டனை அழுத்திப் பிடித்து அதைப் பெடல்போர்டின் ஞாபகத்தில் ஏற்ற வேண்டும். அதை அவன் செய்யவுமில்லை, சொல்லவுமில்லை.

ரிசப்ஷன் அன்று அவனே திருப்பதிக்கு வந்து, கல்யாண மண்டபத்தில் எல்லாவற்றையும் மாட்டி, அவசரத்தில் மூன்றாம் சேனலை மட்டும் வைத்துக் கொடுத்துவிட்டு, நைட் ஷிஃப்ட்டுக்காகக் கம்பெனி பஸ் பிடிக்க ஓடினான். சுலோச்சனா லீவு போட்டிருந்தாள். கோவர்த்தனனின் ஸ்டூலுக்குப் பின்னால், ஒயர்களுக்கு நடுவில், பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் யஸ்வந்த் லேப்டாப்பைத் திறந்துவைத்து மென்றுகொண்டிருந்தான்.

சாமி பாட்டு நன்றாகப் போனது. அடுத்த பாட்டும் நன்றாகப் போனது. திருவேங்கடம் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினார். அப்போது கரண்ட் போனது.

மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டு எழுந்தது. விளக்குகள் வந்தன. பொண்ணும் மாப்பிள்ளையும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மெல்லிய காதல் பாட்டு ஒன்றை ஆரம்பிக்கச் சொல்லித் திருவேங்கடம் சைகை காட்டினார். கோவர்த்தனன் வலது கையில் மெட்டைத் தொட்டுக்கொண்டு காலை வைத்தான். கும்மென்று வரவேண்டிய இடத்தில், கீபோர்டுக்கு வைத்திருந்த வயலின் கூட்டம் அடித்தொண்டையில் ம்மேஏஏ என்று இழுத்தது. ஏர்பேட்டு எருமையே மேடையேறிவிட்டது போலிருந்தது. கோவர்த்தனன் காலை வெடுக்கென்று எடுத்தான். பாடகர் ஏதோ பேசிச் சமாளித்தார். யஸ்வந்த் மெல்லுவதை நிறுத்தினான்.

சுலோச்சனா எட்டிப் பார்த்தாள். பெடல்போர்டின் சின்னத் திரையில் ஒன்று என்று காட்டியது. போனை எடுத்தாள்.

"ஜெபா! கரண்ட் போயி வந்துச்சி! ஒண்ணு காட்டுது!"

"ஐயையோ! பதட்டப்படாதீங்கக்கா. அது மறந்துருச்சு..." பஸ்ஸின் இரைச்சலில் அவன் குரல் முங்கி முங்கி எழுந்தது.

"மூடு தான? மூடு வெச்சிடட்டா?"

ஞாயிற்றுக்கிழமை ஒப்பந்தம் இரண்டு பேருக்குமே அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

"மூடாதீங்கக்கா! மூடவே கூடாது! எண்ணை வச்ச உடனே பதி—"

அங்கே கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. இங்கே ஜெனரேட்டர் உறுமியது. லைன் அறுந்தது.

சுலோச்சனா ஒரு கணம் யோசித்தாள். மூடு கூடாது என்கிறான். பதி என்கிறான். படித்த பையன், மண்டபத்துக்கு வேறு நம்பர் இருக்கும். டிக்கெட் மெஷினில் பழகிய கட்டைவிரல் பறந்தது. ரெண்டு, மூடு, நாலுகு என்று ஏற்றிப் பதியில் நிறுத்தினாள். கணவனின் முழங்காலைத் தட்டி, "ஆச்சி, வாசி" என்றாள்.

பாட்டு தொடங்கியது. மாப்பிள்ளை பொண்ணின் கையைப் பிடிக்கிற நேரம். கோவர்த்தனன் காலை வைத்தான். டம் என்றது. அடுத்த கட்டைக்குப் போனான். சடாரென்றது. நடுவில் இருந்த கறுப்புக் கட்டையை மிதித்தான். பளாரென்று யாரோ கைதட்டினார்கள்.

மண்டபம் திரும்பிப் பார்த்தது. கைதட்டின ஆள் யாரென்று முன்வரிசை பின்வரிசையைப் பார்த்தது, பின்வரிசை பக்கத்து வரிசையைப் பார்த்தது. கோவர்த்தனன் நம்ப முடியாமல் அதே கட்டையை மறுபடி மிதித்தான். பளார். இது தட்டச்சொல்லிக் கொடுக்கிற சைகை போலிருக்கிறது என்று நினைத்து, நாலு பேர் மரியாதைக்குத் தட்டினார்கள். பொண்ணு தலையைக் குனிந்துகொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள்.

சுலோச்சனா தலையில் கைவைத்துக்கொண்டாள். நாமே கெடுத்துவிட்டோம், இந்த மனுஷனின் கடைசி சாயங்காலத்தை நம் கையாலேயே கெடுத்துவிட்டோம் என்று நினைத்தாள். யஸ்வந்தின் விரல் பட்டனுக்கு மேல் நின்றது. அவன் திருவேங்கடத்தைப் பார்த்தான். திருவேங்கடம் கோவர்த்தனனைப் பார்த்தார்.

கோவர்த்தனன் தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தான், கோயில் வாசலில் அடுத்தவன் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டவன் போல. பிறகு அவன் முகம் கோணியது. அழப்போகிறான் என்றுதான் சுலோச்சனா நினைத்தாள். அவன் சிரித்தான். விழுந்த நாளிலிருந்து காணாத சிரிப்பு. ஸ்டூல் ஆடும்படி, சத்தமாக, வயிற்றிலிருந்து சிரித்தான். சிரித்துக்கொண்டே திரும்பி அவளைப் பார்த்தான்.

அவள் வாய் பழக்கத்தில் தானாகத் திறந்துகொண்டது.

"ரைட்! ரைட்!"

புத்தூர் பஸ் ஸ்டாண்டையே கிளப்புகிற குரல் அது. கோவர்த்தனன் வண்டியை எடுத்தான். முதல் கட்டையில் டம், இரண்டாவதில் சடார், கறுப்புக் கட்டையில் பளார் பளார். வலது கை காதல் பாட்டை அப்படியே பிடித்துக் குத்துப்பாட்டாகத் திருப்பிவிட்டது. தையல் மெஷின் கால்கள் எங்கேயோ போயின. இவை திருவிழாவில் ஆடுகிற கால்கள். குழந்தைகள் மேடைக்கு முன்னால் ஓடிவந்தன. சாயங்காலத்திலிருந்து முகத்தை உம்மென்று வைத்திருந்த பொண்ணின் தாய்மாமன், ராமகுப்பத்தில் பட்டுப்பூச்சி வளர்க்கிற கங்கையா, பஞ்சகச்சத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடுவில் இறங்கினார். அவர் இறங்கியதும் ராமகுப்பமே இறங்கியது.

பாட்டு முடிந்ததும் கங்கையா மூச்சு வாங்கிக்கொண்டே மேடையோரம் வந்து திருவேங்கடத்தைப் பிடித்துக்கொண்டார். "காள்ளதோ வாயிஞ்சே ஆயன எவரய்யா? மா அப்பாயி பெள்ளிக்கி கூடா ஆயனே ராவாலி!" காலால் வாசிக்கிற அந்த மனுஷன் யார், என் மகன் கல்யாணத்துக்கும் அவரேதான் வரவேண்டும் என்றார். திருவேங்கடம், தானே யோசித்து ஏற்பாடு செய்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "மன கோவர்தனுடே", நம்ம கோவர்த்தனன்தான் என்று மார்தட்டினார்.

அதற்குள் சுலோச்சனாவின் போன் அடித்தது. ஜெபகுமார் கம்பெனி கேட்டில் இறங்கியிருந்தான்.

"பதிச்சீங்களாக்கா?"

"பதிதான் வெச்சேன். நீதான சொன்ன, மூடு கூடாது, பதின்னு?"

"நான் பதிங்கன்னு சொன்னேன்க்கா. சேனலை வச்சிட்டுப் பதிவு பண்ணுங்கன்னு. நீங்க எந்தச் சேனல் வச்சீங்க?"

"பதி. பத்துப்பா."

"கர்த்தாவே! பத்து டிரம்ஸுக்காச்சே!"

"அத்த நான் கண்டுக்கினேன்," என்றாள் சுலோச்சனா. 'ங்க' என்ற மரியாதையை ஜெனரேட்டர் தின்றுவிட்டது, எண் மட்டும் அவள் காதுக்கு வந்து சேர்ந்தது. "ஏம்பா, ஊருலகமே சேவ் பண்ணுன்னு சொல்லும்போது உனக்கு மட்டும் இன்னா கேடு?"

"அப்பா காதைத் திருகுவாருக்கா."

"இப்ப நான் திருகப்போறேன்," என்று சொல்லிவிட்டு, அவன் சொல்லச் சொல்ல மூன்றை வைத்து, பட்டனை அழுத்திப் பிடித்து, திரை இரண்டு தடவை கண் சிமிட்டும்வரை விடாமல் பதித்தாள்.

பொண்ணு யாரையோ அனுப்பிக் கேட்டாள், அந்த மெல்லிய பாட்டை ஒழுங்காக ஒருமுறை வாசிப்பார்களா என்று. கோவர்த்தனன் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு காலை வைத்தான். கும்மென்று வந்தது. தரையில் உட்கார்ந்திருந்த சுலோச்சனாவுக்கு அது பலகை வழியாக உடம்புக்குள் ஏறியது. பாட்டு தரையில் நின்றது. பாதிப் பாட்டில் திருவேங்கடம் யஸ்வந்த் பக்கம் திரும்பினார்.

"மூடு," என்றார்.

யஸ்வந்த் மூன்றாவது டிராக்கைத் தேடப்போனான். திருவேங்கடம் தானே கைநீட்டி லேப்டாப்பின் மூடியைச் சாத்தினார்.

மறுநாள் காலை சுலோச்சனா டியூட்டிக்குப் புறப்படும் அவசரத்தில் சாம்பாரை இறக்கிக்கொண்டிருந்தாள். கொல்லைப்பக்கம் பல் துலக்குகிற சத்தம் கேட்டது. அதற்கு நடுவே, பிரஷ்ஷைத் தாண்டிக்கொண்டு, நேற்றைய மெட்டு முனகலாக வந்தது. அவள் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

கோவர்த்தனன் வாயைக் கொப்பளித்துவிட்டு உள்ளே வந்து பாத்திரத்தை எட்டிப் பார்த்தான். "பருப்பை இன்னும் கொஞ்சம் வேக உட்டிருக்கலாம் சுலோ."

"மூடு," என்றாள்.

"தெலுங்குலயா, தமிழ்லயா?"

"பச்சைத் தமிழ்ல."

அவன் சாம்பாரை விட்டு நகர்ந்தான். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே மறுபடி முனக ஆரம்பித்தான். காலங்காத்தால மாடு மாதிரி என்று திட்ட வாயெடுத்தாள் சுலோச்சனா. இரண்டு பாஷையிலும் அவளுக்கு வார்த்தை வரவில்லை.